நான் தூக்கச் சொல்லாத கால்

தூங்குகிறவர் புரண்டு படுப்பார். கை மரத்துப்போனால் இழுத்துக்கொள்வார், கால் வலித்தால் நீட்டிக்கொள்வார். மயக்க மருந்தில் இருப்பவரால் அது முடியாது. நாங்கள் எப்படிக் கிடத்தினோமோ அப்படியே நான்கு மணி நேரமானாலும் கிடப்பார். முழங்கை மேசை விளிம்பில் அழுந்தினாலும் சொல்ல மாட்டார், முழங்காலுக்குக் கீழே கம்பி இடித்தாலும் சொல்ல மாட்டார். அவருக்கு எங்கே வலிக்கக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்துவைப்பது என் வேலைகளில் ஒன்று. கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாகப் பதினாறு வருஷமாக இருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் நோயாளியின் அறைக்குப் போய் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். கை தலைக்கு மேலே போகிறதா, கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறதா, விரல்களில் மதமதப்பு உண்டா, சர்க்கரை உண்டா, உடம்பு ஒல்லியா பருமனா, தோல் எங்காவது புண்ணாகியிருக்கிறதா. இதில் வாயால் கேட்பது பாதிதான். மறுநாள் மேசையில் எப்படிக் கிடக்கப்போகிறாரோ அதேபோல இன்று கட்டிலில் படுக்கவைத்து, கையையும் காலையும் தூக்கச்சொல்லிப் பார்ப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்குத்தான் நேரம் ஆகும்.

இந்த வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. வாய்த்துடுக்கும் கொஞ்சம் ஜாஸ்தி. மயங்கிக் கிடக்கும் நோயாளியின் கையை எந்த டாக்டராவது மேசைக்கு வெளியே தொங்க விட்டுவிட்டால், "அந்தக் கை அவருக்குத் திரும்ப வேணுமுங்க டாக்டர்" என்பேன். சிரித்துக்கொண்டே பஞ்சு மெத்தையை எடுத்து வைப்பார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தவள் நான். அதனால்தான் இதை எழுதக் கை கூசுகிறது.

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்து சேர்ந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது. வாழையும் நெல்லும் போடுகிறவர், ஒட்டி உலர்ந்த உடம்பு. சிறுநீர்ப் பாதை சுருங்கிப்போய் மாதக்கணக்கில் அவதிப்பட்டிருக்கிறார். கன்னத்தின் உட்பக்கத்திலிருந்து தோலை எடுத்து அந்தப் பாதையில் வைத்துத் தைக்கிற ஆபரேஷன். நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் இரண்டு கால்களையும் அகட்டி, உயரத் தூக்கி, தாங்கிகளில் வைத்திருக்க வேண்டும். பிரசவத்துக்குப் படுக்கவைப்பது மாதிரி. ஒல்லியான ஆட்களுக்கு இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், எலும்பின் மேலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கச் செய்வது அதுதான். மேலே மூடிக் காப்பாற்றச் சதை கிடையாது. அந்த நரம்பில் ஏற்கனவே கோளாறு இருந்தால் தாங்கியின் அழுத்தம் அதைத் தீர்த்துவிடும். குத்தவைத்து மணிக்கணக்கில் தோட்ட வேலை செய்கிறவர்களுக்குக் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு என்பதும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

நான் போனபோது அறை நிறைய ஆட்கள். அவருடைய மகளை ஆர்.எஸ்.புரத்தில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து நான்கு பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் வருகிறார்கள் என்று ஆஸ்பத்திரி உடுப்பைக் கழற்றிப்போட்டு, வெள்ளை வேட்டி சட்டைக்கு மாறியிருந்தார் மனிதர். கட்டிலில் சம்பந்தியை உட்காரவைத்துவிட்டு, தான் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யாருக்கு ஆபரேஷன் என்று வெளியாள் வந்து கேட்டால் சம்பந்தியைத்தான் கைகாட்டியிருப்பான்.

அவருடைய மனைவி என்னைப் பார்த்ததும் ஃபிளாஸ்கைத் திறந்தார். "வாங்க கண்ணு. மொதல்ல ஒரு வாய் காப்பி குடிங்க, அப்புறமேலுக்கு எழுதலாம்."

குடித்தேன். குடித்துக்கொண்டே கேட்டேன். கழுத்து, தோள், சர்க்கரை. எல்லாவற்றுக்கும் நல்ல பதில். காலுக்கு வந்தேன்.

"ஏனுங்கய்யா, கால்ல மதமதப்பு, பலக்கொறைவு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவர் உடனே என்னைப் பார்க்கவில்லை. முதலில் சம்பந்தியைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். அதை நான் கவனித்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. முந்தாநேத்து வாழைக்கு மண்ணணைச்சுப்போட்டுத்தானுங்க பஸ் ஏறுனேன்."

"அவருக்கு ஒடம்பெல்லாம் இரும்பாட்டங்க," என்றார் மனைவி. "மறதிதான் ஜாஸ்தியாயிப்போச்சு. வலது கால் செருப்பு வரப்புல கெடக்கும், இவரு ஒத்தச் செருப்போட ஊடு வந்து சேந்திருப்பாரு. கழண்டதே தெரியலைம்பாரு. இந்த ஆறு மாசத்துல எத்தன சோடி வாங்கறதுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். "சம்பந்தி மண்ண நேரா மிதிச்சாத்தான் வெள்ளாமைன்னு வெச்சிருக்காருங்க" என்றார் கட்டிலில் இருந்தவர். நோயாளியும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நாளைக்குத் தியேட்டருக்குச் செருப்பே வேண்டாமுங்க, தொலையாது" என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். என் நகைச்சுவை எடுபட்டதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு காலில் மட்டும் செருப்பு நழுவுகிறது, நழுவியது தெரியவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளியின் வீட்டார் என்னிடம் எதையும் சொன்னது கிடையாது. பாதம் தூக்கும் பலம் குறைகிறது, உணர்ச்சியும் குறைகிறது என்று அந்த அம்மா பச்சையாகச் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டு சொன்னதால் நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அவரைக் கட்டிலில் படுக்கச்சொல்லிக் கால்களைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். பாதத்தின் மேல் என் கையை வைத்து, இதைத் தள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் சம்பந்தியம்மா எதிரே இருக்கும்போது, வேட்டி கட்டிய மனிதரை மல்லாந்து படுத்துக் காலைத் தூக்குங்கள் என்று எப்படிச் சொல்வது? சரி, அவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் பெண் எடுத்த வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும்போது எழுந்து வெளியே போங்கள் என்பது, பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தவரை எழுப்புகிற மாதிரி. நானும் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள்தானே. வாய் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வந்திருக்கலாம். இன்னும் இரண்டு அறைகள் பாக்கி இருந்தன, ஐந்து மணிக்கு எனக்குச் சிங்காநல்லூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 'கால்களைப் பரிசோதித்தேன், குறை இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். காப்பி டம்ளரைக் கொடுத்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாமுங்க" என்று கிளம்பினேன்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. அவருடைய கால்களைத் தாங்கிகளில் வைத்ததும் நான்தான். எல்லோருக்கும் வைக்கிற மெத்தைகளை அவருக்கும் வைத்தேன். முன்பே தெரிந்திருந்தால் வேறு மாதிரித் தாங்கி வைத்திருப்போம், நடுவில் காலை இறக்கி ஓய்வு கொடுத்திருப்போம். டாக்டர் ஆபரேஷனையே தள்ளிவைத்து நரம்பு டாக்டரிடம் அனுப்பியிருப்பார். அப்படியெல்லாம் செய்தும் இது நடந்திருக்கலாம். நடந்திருக்கலாம் என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பல நாள் தூங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். கன்னத்தில் தோல் எடுத்த இடம் வீங்கி அவரால் சரியாகப் பேச முடியவில்லை. என்னைப் பார்த்ததும் காலைக் காட்டினார். போர்வையை விலக்கினேன். இடது பாதம் நேராக நின்றது. வலது பாதம் முன்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் மேல் என் கையை வைத்து, "தள்ளுங்கய்யா" என்றேன். முகத்தைச் சுருக்கி முயன்றார். பெருவிரல்கூட அசையவில்லை. இரண்டு நாள் முன்பே செய்திருக்க வேண்டியதை அன்றுதான் செய்தேன்.

டாக்டர் நேர்மையானவர், பூசி மெழுகவில்லை. ஆபரேஷனின்போது நரம்பு அழுந்தியிருக்கிறது, திரும்ப வரலாம், மாதக்கணக்கில் ஆகும், முழுதாக வரும் என்று சொல்ல முடியாது என்று அவரிடமும் மனைவியிடமும் சொன்னார். முன்பே காலில் ஏதாவது இருந்ததா என்று அவரிடம் கேட்டார்.

வீங்கிய வாயால் அவர் சொன்னார்: "கொஞ்சம் இருந்துச்சுங்க. ஆறேழு மாசமா. அம்மணி நல்லாத்தான் கேட்டாங்க. சம்பந்திமாரு இருந்தாங்களா, சீக்காளின்னு நெனச்சுக்குவாங்கன்னு நாந்தானுங்க சொல்லாம உட்டுப்போட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, ஊசி குத்தியிருந்த கையோடு கும்பிட்டார். "உங்களுக்குத்தான் சங்கடம் பண்ணிப்போட்டேனுங்க அம்மணி."

"பரவால்லைங்கய்யா, வெசனப்படாதீங்க" என்றேன். அவரை நான் மன்னித்தேன். இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது. தப்புச் செய்தவளும் நானே, மன்னித்தவளும் நானே.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. என் படிவத்தை மேசை மேல் வைத்தார்கள். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. "கேட்டீங்களா சிஸ்டர்?" என்றார் மேட்ரன். "கேட்டேன்" என்றேன். அது உண்மை. காலைத் தூக்கிப் பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை, டிக்தான் இருக்கிறதே. நோயாளி மறைத்துவிட்டார் என்று எழுதி முடித்தார்கள். வெளியே வந்ததும் கூட வேலை செய்கிறவள், "தப்பிச்சே போ" என்று தோளைத் தட்டினாள். அன்று மதியம் வழக்கம்போல நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் இறங்கியது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை கணவனும் மனைவியும் வந்தார்கள். பாதம் தொங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஷூவுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வருவார். சமதளத்தில் நடந்துவிடுவார். வரப்பு ஆகாது. இரண்டு முறை வாய்க்கால் ஓரத்தில் விழுந்துவிட்டாராம். அதற்குப் பிறகு தண்ணீர் பாய்ச்சப் போவது, வாழைக்கு முட்டுக் கொடுக்க ஆள் பார்ப்பது எல்லாம் அந்த அம்மாவின் தலையில் விழுந்தது. ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது. அதைப் பற்றி இருவரில் ஒருவரும் பேசியதில்லை.

அந்த அம்மா திட்டிப் பேசியதெல்லாம் கணவரைத்தான். பிசியோதெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார்.

"சம்பந்திமாரு முன்னால மீசைல மண்ணு ஒட்டக்கூடாது இந்த மனுசனுக்கு! கேக்கற பொம்பள மெனக்கெட்டு வந்து கேக்குது. ஆமாங்க, கால் ஒரு மாதிரி இருக்குதுங்கன்னா தலையா போயிரும்? இப்ப யாரு அனுபவிக்கறா? சேத்துல நாந்தான் கெடக்கறேன்."

அவர் தலையைக் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. நான் அந்த வழியாகப் போக நேர்ந்தால், "அம்மணிகிட்ட நான் சொல்றது ஞாயந்தானுங்களே?" என்று என்னையும் இழுப்பார். "விடுங்கம்மா, போனது போகட்டும்" என்று பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்டு நகர்வேன். ஒவ்வொரு முறையும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுப்பார். வாங்கிக்கொள்வேன். இப்படியே ஒரு வருஷத்துக்குக் கிட்டே போயிற்று.

பிறகு ஒரு நாள், அதே பெஞ்சில், மறுநாள் ஆபரேஷனுக்கு வந்திருந்த யாரோ ஒரு பெண்ணிடம் அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இந்த அம்மணி வந்து கேட்டாங்கன்னா ஒண்ணையும் மறைக்காதீங்க கண்ணு. உள்ளங்கால்வரைக்கும் பாக்கறவங்க. எங்கூட்டுக்காரர் பொய் சொல்லித்தான் கால் போச்சு. இவங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

கணவரைத் திட்டியதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு போக முடிந்த எனக்கு இந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. உள்ளங்கால்வரைக்கும் பார்க்கிறவளாம். இருவரையும் கட்டுப்போடும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"அம்மா, அன்னைக்கு நான் வாயாலதான் கேட்டேன். படுக்க வெச்சுக் காலைத் தூக்கிப் பாத்திருக்கோணும், அதுதான் என் வேலை. பாக்காமலே பாத்ததா எழுதிட்டேன். நீங்க செருப்புக் கழண்டு விழுதுன்னு சொன்னீங்களே, அது ஒண்ணு போதும், கண்டுபுடிச்சிருக்கலாம். நானும் சேந்து சிரிச்சுட்டேன். அய்யா மேல தப்பில்லைங்க, எம் மேலதான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்த அம்மா அழுவார், கத்துவார், மேட்ரனிடம் போவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவர் என் பக்கமே திரும்பவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் முகத்தில் ஆச்சரியம் என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அது இல்லை.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

அவர் குனிந்து, காலில் கட்டியிருந்த பட்டையைத் தொட்டார். "தெரியும். பிசியோக்கார அம்மா மொத நாளே படுக்க வெச்சு, காலைத் தூக்கச் சொல்லி, பாதத்துல கைய வெச்சுத் தள்ளுங்கன்னாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இத முன்னாடியே பாக்கோணும், அம்மணி பாக்கலைன்னு." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க புள்ளகுட்டிக்காரங்க. வேலைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? எப்படியும் நானும் பொய் சொன்னவன்தானுங்களே. அதான் வாயத் தொறக்கலீங்க" என்றார்.

ஒரு வருஷமாக அந்தப் பெஞ்சில் அவர் தலை குனிந்து வாங்கிய பேச்சில் பாதி எனக்கு உரியது. அதை அவர் அறிந்தே வாங்கியிருக்கிறார். அழுகை வந்தது. அந்த இடத்தில் அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

அந்த அம்மா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். குரல் ஏறவே இல்லை. என்னிடமும் அவரிடமுமாகச் சேர்த்துத்தான் கேட்டார்.

"இவருக்கு அப்பவே தெரியும். உங்களுக்கு அன்னைக்கே தெரியும். அத்தன பேரு இருந்த ரூம்புல உள்ளதச் சொன்னது நான் ஒருத்திதான். என்னைய மட்டும் இத்தன நாளா கட்டுன புருசனப் பேச உட்டு, ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்தீங்களா?"

அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். கணவர் எழுந்து, "ஏ, நில்லு, வாரேன்" என்று பின்னால் போனார். அந்த நீளமான வராந்தாவில் அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அந்த அம்மாவும் நிற்கவில்லை.